கோடு படுத்த பிள்ளைகள்

விராலிமலை வருவதற்குள் பிரிசில்லா தூங்கிப்போனாள். துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது திலகவதி தோளைத் தொட்டு உலுக்கினாள். பெண் கண்ணைத் திறந்து, யார் என்று பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். மதுரையில் பஸ் மாறும்போது கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. தூத்துக்குடி பஸ்ஸிலும் அதே தூக்கம். அருப்புக்கோட்டை தாண்டி வெயில் நேராக முகத்தில் அடித்தும் இமை அசையவில்லை. எச்சில் வழிந்து திலகவதியின் தோள் முந்தானை ஈரமாகிவிட்டது.

அழுது களைத்த பிள்ளை, தூங்கட்டும் என்று திலகவதி கை மரத்துப்போனதையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படிப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட்டு விட்டு அவளுக்குப் பழகிவிட்டது. பிஸ்கட், தண்ணீர், வாந்தி வந்தால் பிடிக்க நாலு பாலித்தீன் பை, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் எல்லாம் முதல் நாளே பையில் ஏறிவிடும். சொல்ல வேண்டிய வார்த்தைகளும் தயாராக இருக்கும். ஆறு வருஷத்தில் அந்த வார்த்தைகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன.

பெரம்பலூருக்கு மேற்கே கல்பாறைப்பட்டியில் இருக்கும் அரசு மீத்திறன் உறைவிடப் பள்ளியில் அவள் பெண்கள் விடுதி வார்டன். மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களுக்கு இன்னொரு தேர்வு வைத்து, கடைசியில் மிஞ்சுகிற நூறு பேரை எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்கவைத்துப் படிக்கவைக்கிற பள்ளி. சோறு, துணி, புத்தகம் எல்லாம் அரசாங்கத்தினுடையது. அங்கே இடம் கிடைத்த பிள்ளையின் படத்தை ஊர் முக்கில் பேனராகக் கட்டுவார்கள். காலை நாலரைக்கு மணி அடிக்கும். இரவு பன்னிரண்டரைக்கு விளக்கு அணையும். ஒலிம்பியாட் அணியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதற்கும் மேல்.

வருஷத்துக்கு இரண்டு தடவை தொப்பி நாள் வரும். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அது. அளவீட்டு அறையில் ஒரு நாற்காலி, அதன் மேலே கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பி. அரை மணி நேரம் தலையில் மாட்டிக்கொண்டு, திரையில் வருவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். கடைசியில் ஒரு கோடு வரும். கோடு ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளை இருக்கலாம். படுத்துவிட்டால் மூன்று நாளில் வீட்டுக்கு. அந்த இடத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

பிரிசில்லாவின் கோடு திங்கட்கிழமை படுத்துவிட்டது. அவள் பதினொன்றாம் வகுப்பு. திலகவதி வீட்டில் கொண்டுபோய் விட்ட நாற்பத்து மூன்றாவது பெண்.

வேம்பார் சாலையில், உப்பளத்தைப் பார்த்த மாதிரி வரிசையாக ஓட்டு வீடுகள். பிரிசில்லாவின் அப்பா ஏசுவடியானும் அம்மா ஜெயசீலியும் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய் முற்பகலில் திரும்பிவிடுகிறவர்கள். இவர்கள் போனபோது இரண்டு பேரும் குளித்து, துவைத்த துணி உடுத்தி வாசலில் நின்றிருந்தார்கள். தகவல் போனிலேயே போயிருந்தது. பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பாயில் விழுந்தாள்.

"சாப்பிட்டாளா டீச்சர்?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"ஒண்ணும் சாப்பிடலைம்மா. தூங்கிட்டே வந்தா."

ஏசுவடியான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தான் நின்றுகொண்டார். கணுக்காலுக்குக் கீழே தோல் வெளுத்து வெடித்திருந்தது. "மார்க்கு கொறஞ்சிட்டாளா டீச்சரம்மா?"

"மார்க் குறையலைங்க. மூளை வளர்றதுக்கு ஒரு வேகம் இருக்கு. சில பிள்ளைங்களுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். சில பேருக்கு முன்னாடியே நின்னுடும். அந்தத் தொப்பி அதை இப்பவே பார்த்துச் சொல்லிடும். உங்க பொண்ணுக்கு நின்னுடுச்சு. அவ தப்பு எதுவும் இல்லை."

"இனிமே ஏறாதா?"

"ஏறாதுன்னுதான் சொல்றாங்க."

"பதினாறு வயசுல முடிஞ்சுபோச்சுங்கீயளா?"

திலகவதி எப்போதும் இந்த இடத்தில் சொல்வதைச் சொன்னாள். "இங்க பக்கத்து ஸ்கூல்ல சேருங்க. நல்லாவே படிப்பா. மத்தப் பிள்ளைங்களைவிட நல்லா வருவா."

அவர் படிவத்தை வாங்கி, எங்கே என்று விரலால் கேட்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இதுக்கு மருந்து மாத்திரை எதுவும் எழுதித் தந்திருக்காங்களா?" என்றார்.

"இல்லைங்க."

நாலு மணி பஸ்ஸில் திலகவதி திரும்பினாள். மறுநாள் விடுதியில் பிரிசில்லாவின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள். புதுப் பெண் ஒருத்தி கடலூர்ப் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

இரண்டரை மாதம் கழித்து வேம்பாரிலிருந்து போன் வந்தது. மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறதாம், உள்ளூர்ப் பள்ளியில் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். தபாலில் அனுப்பினால் இன்னும் இரண்டு மாதம் இழுக்கும். திலகவதிக்கு அந்த வாரம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம் இருந்தது. சரி, நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சான்றிதழைத் திருத்தி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கொண்டுபோய் விட்ட ஒரு பிள்ளையை அவள் மறுபடி பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அது ஒரு மாதிரியாக இருந்தது.

பிரிசில்லா தெருமுனைக்கே ஓடிவந்தாள். திலகவதிக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. விடுதியில் இரண்டு வருஷம் பார்த்த பெண் எதையும் மெதுவாக, கேள்வியை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறவள். இவள் மூச்சு விடாமல் பேசினாள்.

"மிஸ், வாங்க, உக்காருங்க. அம்மா பதநீர் வாங்கப் போயிருக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன். போன்ல கேட்டா நீங்க சொல்ல மாட்டீயன்னு விட்டுட்டேன்."

"கேளு."

"நீங்க வீட்டுல கொண்டுபோயி விட்டவங்க எல்லாரும் பஸ்ல தூங்குனாங்களா?"

திலகவதி சிரித்தாள். "இது என்ன கேள்வி?"

"யோசிச்சுச் சொல்லுங்க மிஸ். முழிச்சுக்கிட்டு வந்தவங்க யாராவது உண்டா?"

திலகவதி யோசித்தாள். செஞ்சிக்குக் கூட்டிப்போன முதல் பெண், விழுப்புரம் பஸ் நிலையத்தில் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கியது. ராசிபுரத்துப் பெண், பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்தவள் இறங்க மறுத்தது. கூடலூர்ப் பெண், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல் தூங்கியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவள் தோளிலோ மடியிலோ ஜன்னல் கம்பியிலோ சாய்ந்திருந்தாள்.

"எல்லாரும்தான்" என்றாள். "அழுது அழுது களைச்சுப்போயித் தூங்குதுங்கன்னு நெனச்சேன்."

"நான் அழவே இல்லையே மிஸ்."

அது உண்மை. பிரிசில்லா அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

"வீட்டுக்கு வந்து நாலு நாள் தூங்கினேன். எந்திரிச்சு, தண்ணி குடிச்சிட்டு, திரும்பத் தூங்கிருவேன். அம்மா பயந்துபோயி ஃபாதரக் கூட்டியாந்து ஜெபம் பண்ணிட்டா. அப்புறம் மூணு வாரம் கழிச்சுத்தான் தலை தெளிஞ்சுது. அங்க இருந்தப்ப புரியாம மனப்பாடம் பண்ணின கணக்கெல்லாம் இப்ப ஏன் அப்படி வருதுன்னு தெரியுது. எனக்கே பயமா இருந்துது, முடிஞ்சுபோன மூளைக்கு எப்படிப் புரியுதுன்னு. அப்பதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இருந்த ரெண்டு வருசத்துல நம்ம ஹாஸ்டல்ல பதினாலு பேரு போனாங்க. அதுல பதினோரு பேரு ஒலிம்பியாட் பேட்சு. நல்லாப் படிக்கவங்கதான மிஸ் ஒலிம்பியாட்டுல இருப்பாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படி வரிசையா நிக்கும்?"

ஜெயசீலி பதநீர்ச் சொம்போடு வந்தாள். திலகவதி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தொப்பிக்குக் களைச்ச மூளைக்கும் முடிஞ்ச மூளைக்கும் வித்தியாசம் தெரியலை மிஸ்" என்றாள் பிரிசில்லா.

அளவீட்டு அறையைப் பார்த்துக்கொள்கிறவன் இதயத்துல்லா. முப்பது வயது, ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. பள்ளிக்குத் திரும்பியதும் திலகவதி, களைத்த மூளைக்கும் கோடு படுக்குமா என்று அவனிடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"கருவியோட வந்த புத்தகத்துலயே இருக்கு மேடம். அளக்கறதுக்கு முன்னாடி பதினாலு நாள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தூங்கியிருக்கணும். இல்லாட்டி அளவு செல்லாது."

"அப்படி இங்க யாரு தம்பி தூங்குறா?"

"யாருமில்லை. முதல் வருஷம் மேல எழுதிப் போட்டேன். பதில் இல்லை. ரெண்டாம் வருஷம் ஞாபகப்படுத்தி எழுதினேன். கருவியை இயக்குறதுதான் உன் வேலைன்னு போன் வந்துச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "நீங்க வந்து கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒரு காலத்துல நெனப்பேன். நீங்கதானே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "எனக்கென்னப்பா தெரியும், புத்தகத்துல என்ன இருக்குன்னு?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மாட்டினேன்" என்றான் அவன்.

அடுத்த வாரம், சான்றிதழில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லி ஏசுவடியானையும் பெண்ணையும் வரவழைத்தார்கள். பள்ளியில் எல்லோரும் காலைக் கூட்டத்தில் இருந்த நேரம் இதயத்துல்லா தொப்பியை மாட்டினான். அரை மணி நேரம் திலகவதி சுவரில் சாய்ந்து நின்றாள். முட்டி வலித்தது. திரையில் கோடு வந்தபோது அவளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. இதயத்துல்லாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"ஏறுதா?"

"இங்க சேர்ந்தப்ப இருந்ததைவிட மேல போகுது மேடம்."

முதல்வர் நடனசபாபதி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தபோது தானே பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"சார், இத்தனை பிள்ளைங்களை நான்..."

"உட்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. இதே மாதிரி மூணு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. ரெண்டை இழுத்து மூடியாச்சு. ஏன்? ரிசல்ட் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை அஞ்சாங் கிளாசுல இருந்து தனியா ஆள் வெச்சுப் படிக்குது. நம்ம பிள்ளை ஒன்பதாவதுல வந்து நாலு வருஷத்துல அதை எட்டிப் பிடிக்கணும். எங்க இருந்து நேரத்தை எடுக்கறது? தூக்கத்துல இருந்துதான் எடுக்க முடியும். எட்டு மணி நேரம் தூங்க விட்டா பாடம் முடியாது. பாடம் முடியலைன்னா இந்தப் பள்ளியும் இருக்காது. அப்புறம் உப்பளத்துப் பொண்ணு எங்க போய்ப் படிக்கும்? சொல்லுங்க மேடம்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் திலகவதிக்குக் கஷ்டமாக இருந்தது.

"போன பிள்ளைங்க, சார்? முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி விட்டுட்டு வந்திருக்கேனே."

"உங்க பக்கம் நாற்பத்து மூணு. பசங்க பக்கம் அதைவிட அதிகம். வயசு தாண்டியாச்சு, ஏதேதோ வேலைக்குப் போயிருக்கும், சில பிள்ளைக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கும். இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? கோர்ட்டுக்குப் போவாங்க, பேப்பர்ல வரும், பள்ளியை மூடுவாங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் பொண்ணை இன்னைக்கே சேர்த்துக்கறேன். கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம். ஒரு பிள்ளைக்குக் கருவிக் கோளாறு நடக்கும். நாற்பத்து மூணு பேருக்கு நடக்காது. புரியுதில்லையா?"

புரிந்தது. எழுந்து கதவு வரை போனவளிடம், "உங்களுக்கு இன்னும் மூணு வருஷம்தானே இருக்கு சர்வீஸ்?" என்று கேட்டார். மிரட்டுகிற குரல் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சேதியைக் கேட்டதும் ஏசுவடியான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். திலகவதி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிரிசில்லா எழுந்திருக்கவில்லை.

"நான் மட்டுமா மிஸ்?"

"நீ மட்டும்தான்."

"மத்தவங்களுக்கு?"

"சார் வேண்டாங்கறார். சொன்னா பள்ளியை மூடிடுவாங்கன்னு பயப்படுறார்."

பெண் தரையைப் பார்த்தாள். ஏசுவடியான், "ஏட்டி, சரின்னு சொல்லு" என்று மெதுவாகச் சொன்னார்.

"நான் வாரேன்" என்றாள் பிரிசில்லா. "எனக்குப் படிக்கணும், வராம என்ன? ஆனா அந்த மூணு வாரம் நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது மிஸ். சாப்பாடு எறங்காது. என்னைப் பார்த்தா எனக்கே ஏதோ காலி டப்பாவப் பார்க்க மாதிரி இருக்கும். எனக்கு மூணு வாரம். அவங்களுக்கு எத்தனை வருசம்? அவங்க வீடெல்லாம் யாருக்குத் தெரியும்? நீங்கதான போனீங்க. நீங்க போயிச் சொல்லணும். சொல்லுவேன்னு சொல்லுங்க, பெட்டிய எடுத்துட்டு வாரேன்."

அப்பா பதறிப்போய், "டீச்சரம்மாகிட்ட இப்படியா பேசுவ?" என்றார்.

திலகவதிக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆறு வருஷமாக ஒரு நாள்கூட அவளும் முழுசாகத் தூங்கியதில்லை. படுத்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. "சொல்றேன்" என்றாள்.

அன்று முதல் பெண்கள் விடுதியில் பத்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தாள். மணியை ஆறுக்கு மாற்றினாள். முதல்வர் ஒரு வாரம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் குறிப்பாணை வந்தது. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதினாள். பழைய படிவங்களின் நகல்களை அடுக்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

முதலில் கூட்டிப்போன பெண்ணிடமிருந்தே தொடங்கலாம் என்று செஞ்சிக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பெயர் சங்கமித்ரா. பதினாலு வயதில் அனுப்பப்பட்டவள். பஸ் நிலையத்துக்கு எதிரே இ-சேவை மையத்தில் வேலை செய்வதாக விசாரித்ததில் தெரிந்தது.

சின்ன அறை. பத்துப் பதினைந்து பேர் ஆதாரும் ரேஷன் கார்டுமாகக் காத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் திரையைப் பார்க்காமல், ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திலகவதியைப் பார்த்ததும் விரல்கள் நின்றன.

"வார்டன் மிஸ்."

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன். உட்காருங்க."

கூட்டம் குறைகிற மாதிரி தெரியவில்லை. திலகவதி தடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் கிடைத்த இடைவெளிகளில், துண்டு துண்டாகச் சொன்னாள். சங்கமித்ரா கேட்டுக்கொண்டே வருமானச் சான்று ஒன்று, சாதிச் சான்று இரண்டு, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்று முடித்தாள். எல்லாம் சொல்லி முடித்ததும், "அடுத்தவங்க கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப எதுக்கு மிஸ் இதை வந்து சொல்றீங்க?"

"உனக்குத் தெரியணும்னு..."

"ஆறு வருஷமா நான் ஒரு கணக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அதுபாட்டுக்கு மனசுல ஏதாவது ஓடும். பஸ்ல போகும்போது, பாத்திரம் தேய்க்கும்போது ஓடும். முடிஞ்சுபோன மண்டைக்கு இதெல்லாம் எதுக்குன்னு நானே அதட்டி நிறுத்துவேன். முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. இப்ப எனக்கு எதுவும் ஓடுறதே இல்லை. நிம்மதியா இருக்கேன். நீங்க வந்து உட்கார்ந்துக்கிட்டு, அது தப்பும்மா, நீ தூங்காம இருந்த அவ்வளவுதான்னு சொல்றீங்க."

"தப்பு என்னுதும்தான்மா."

"உங்களைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுது?" சங்கமித்ரா திரும்பிக்கொண்டாள். "அடுத்த டோக்கன் வாங்க."

திலகவதி எழுந்து வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தாள். வெயில் தலைக்கு மேல் நின்றது. பையில் இன்னும் நாற்பத்தோரு வீட்டு முகவரி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பெண் கஷ்டப்பட்டு எதையோ பூட்டி வைத்திருப்பாள். இவள் போய் உடைக்க வேண்டும். முதல்வர் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. ராசிபுரம் போகாமல் விழுப்புரம் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். விடுதிக்குப் போய்ப் படுத்துவிடலாம். வேலை இருக்கிற வரைக்கும் அந்த அறையும் இருக்கும்.

"மிஸ்."

சங்கமித்ரா சாலையைத் தாண்டி வந்து எதிரே நின்றாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க."

"எதைம்மா?"

"அந்தக் கடைசியைச் சொல்லுங்க."

திலகவதி எழுந்து நின்றாள். "நீ முடிஞ்சுபோகலை சங்கமித்ரா. அன்னைக்குக் கோடு படுத்தது உன் மூளை நின்னதால இல்லை. உன்னைத் தூங்க விடாம அளந்தோம். நீ களைச்சிருந்த."

அந்தப் பெண் அழவில்லை. கேட்டதைச் சரிபார்க்கிற மாதிரி இரண்டு தடவை தலையாட்டினாள்.

"வீட்டுக்கு வாங்க. இதை எங்கம்மாகிட்டச் சொல்லணும். என்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம், 'எம் பொண்ணு மூளை சின்ன வயசுலயே வேகமா எரிஞ்சு தீர்ந்துபோச்சு, கவர்மெண்டே அளந்து சொல்லிடுச்சு'ன்னு சொல்லும். பெருமையாத்தான் சொல்லும். நான் காபி எடுத்துட்டு வந்து நிப்பேன், அப்பச் சொல்லும். நான் சொன்னா நம்பாது. அன்னைக்கு வந்து சொன்னது நீங்கதானே, நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க."

"கடை?"

"அரை நாள் லீவு சொல்லிட்டேன். நடந்தே போயிடலாம், இருபது நிமிஷம்."

விழுப்புரம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு தடவை கூவிவிட்டுப் போனார். திலகவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சங்கமித்ரா வேகமாக நடந்தாள், நின்றாள், இவள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தாள். கோட்டைப் பக்கம் திரும்பும் சாலையில் வண்டிகள் குறைந்தன.

"மிஸ், அந்தத் தொப்பி எதை அளக்குது? மூளையில புதுசா வர்ற நரம்பு இணைப்பை மட்டுமா, இல்ல பழசு அறுந்துபோறதையும் சேர்த்தா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தூக்கத்துலதான் பழசு அறுபடும்னா, தூங்காதவங்களுக்கு அறுபடவே படாதில்ல? அப்ப புதுசுக்கு இடமே இருக்காது. கோடு அதனால படுக்குதா, இல்ல கருவி அதைக் கழிக்கத் தெரியாம இருக்கா? ரெண்டும் வேற வேற." அவள் நடுச்சாலையில் நின்றுவிட்டாள். "இது யாருக்குத் தெரியும்?"

"அங்க இதயத்துல்லான்னு ஒரு தம்பி இருக்கான். அவன்தான் அந்தக் கருவியைப் பார்த்துக்கறான்."

"அவர் நம்பர் இருக்கா?"

திலகவதி புளியமர நிழலுக்கு ஒதுங்கி, பையைக் கீழே வைத்து, போனைத் தேடினாள்.